பதினொன்னாவது மார்க்க யாரு பாக்கறா

இங்க வந்து ஒக்காருங்க்கா, இந்தப் பக்கம் ஃபேன் காத்து வருது. அந்தச் சேருல வெயிலு முதுகச் சுடும். நான் காலையில இருந்து ஒவ்வொரு சேரா மாத்தி மாத்தி ஒக்காந்து பாத்துட்டேன். தாளாளரு இன்னும் வரலீங்க. வந்தாருன்னா அந்த ஆபீஸ்காரம்மா பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. அதுவரைக்கும் இப்படித்தான்.

உங்க பொண்ணுங்களா? எந்த ஊருங்க? பவானிங்களா. பத்தாவதுல எவ்வளவுங்க வாங்கிருக்குது? நானூத்தி எழுவத்தொம்போதா. அப்பறம் என்னங்க்கா கவலை, யோசிக்காம சீட்டு குடுத்துருவாங்க. இந்த மாதிரி மார்க்குள்ள புள்ளைகள வெச்சுத்தான வெளிய போர்டு வெக்கறாங்க.

நான் காங்கேயங்க. பேரு கலாமணி. ஊட்டுக்காரரு ஒரு கொப்பரைக் களத்துல சூப்பர்வைசரா இருக்காரு. அதா, ஜன்னலோரம் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிட்டு ஒக்காந்திருக்குது பாருங்க, அது என்ற சின்னவ, வர்ணிகா. இப்பத்தான் பத்தாவது முடிச்சா. பெரியவ மிருதுளா. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ரெண்டு வருசமும் இங்கதாங்க, இந்த ஹாஸ்டல்லதான். கேட்டுக்கிட்ட பெருசா ஒரு போர்டு இருக்குதில்ல, அதுல ரெட்டைச் சடை போட்டுட்டுச் சிரிச்சிட்டு நிக்கறது அவதான். அறுநூத்துக்கு ஐநூத்தி எம்பத்தாறு.

கொடுத்து வெச்சவங்கறீங்க. எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. இன்னைக்கு உள்ள வரும்போது நானே அந்தப் போட்டோவப் பாத்துட்டு சித்த நேரம் நின்னுட்டேன். அவ ஊட்டுல அப்படிச் சிரிச்சு எவ்வளவோ காலமாச்சுங்க.

என்னன்னு கேக்கறீங்க. சொல்றனுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. நீங்களும் ஒரு புள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, உங்களுக்குப் புரியும். எங்கூர்ல வாயத் தொறந்தாலே அடுத்த தெருவுக்குப் போயிரும்.

பெரியவ காங்கேயத்துல கவர்மென்ட் ஸ்கூல்லதான் படிச்சுட்டு இருந்தா. பத்தாவதுல நானூத்தித் தொண்ணூத்தி மூணு. அந்த ஸ்கூல்லயே மொத மார்க்கு. அவளுக்கு அங்கயே மேல படிக்கோணும்னுதான் ஆசை. கூட ஒரு சிநேகிதி, ரெஹானான்னு பேரு, ஆறாவதுல இருந்து ரெண்டும் ஒரே பெஞ்சு. என்ற ஊட்டுக்காரரும் சொன்னாரு, "நல்லாத்தான படிக்கறா, எதுக்கு எடம் மாத்தறே"ன்னு. நான்தான் கேக்கலீங்க. அவருக்கு ஒலகம் தெரியாது. களம், ஊடு, களம், ஊடு. எங்க ஓரகத்தி மக டாக்டருக்குப் படிக்குது. ஒரு விசேசத்துக்குப் போனா அந்தப் புள்ளைக்குத்தான் மொதல்ல காப்பி வரும். எங்க மாமியாரு அவளப் பக்கத்துல ஒக்கார வெச்சுட்டு, மூட்டு வலி மாத்திரையெல்லாம் எடுத்துக் காட்டும். என்ற புள்ள அவள விட எவ்வளவோ கெட்டிக்காரி, அது ஒரு மூலைல நின்னு எறும்பு போறதப் பாத்துட்டு இருக்கும். ஆமாங்க, அதுதான் அவ பழக்கம். எறும்பு, வண்டு, பூச்சி. அவங்கப்பா களத்துக்குப் போனா கொப்பரைல வர்ற வண்டப் புடிச்சு டப்பால போட்டுட்டு வந்துரும்.

நான் சொன்னேன், "ரெண்டு வருசம் கண்ண மூடிட்டு இரு சாமி. அதுக்கப்பறம் நீ டாக்டரு. அப்பறம் எந்த வண்ட வேணும்னாலும் புடி"ன்னு.

அன்னைக்கும் இதே ஹால்லதாங்க ஒக்காந்திருந்தோம். தாளாளரு மார்க்கு ஷீட்டப் பாத்தாரு. பாத்துட்டு, "எங்ககிட்ட உட்டுட்டீங்கல்ல, இனி உங்க பொண்ண நீங்க மறந்துரலாம்"னாரு. எனக்கு அது எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுங்களா? பஸ்ஸுல திரும்பிப் போகும்போது நல்லாத் தூங்கிட்டேன்.

மொத மாசம் பாக்க வந்தப்ப அவ சொல்றா, "அம்மா, இங்க ப்ளஸ் ஒன் புக்கையே தொடலைம்மா. வந்ததுல இருந்து ப்ளஸ் டூ பாடந்தான் நடத்தறாங்க." நான் சொன்னேன், "நல்லதுதான கண்ணு, ஒரே பாடத்த ரெண்டு வருசம் படிச்சா நல்லா மனசுல நிக்குமே." அதுக்கு அவ, "இல்லைம்மா, ஃபிசிக்ஸ் சார் ஒரு கணக்குப் போடறாரு, அதுக்கு ப்ளஸ் ஒன்ல வர்றது தெரிஞ்சாத்தான் புரியும். எப்படி வந்துச்சுன்னு கேட்டா, இந்த வரிய இப்படியே எழுது, மார்க்கு உழும்ங்கறாரு"ன்னா.

சரி, கேட்டுப் பாத்தரலாம்னு ஆபீஸ்ல போயிக் கேட்டேன். அந்தம்மா சிரிச்சாங்க. "ஏனுங்கம்மா, பதினொன்னாவது மார்க்க யாரு பாக்கறா? பாஸ் பண்ணினாப் போதும். ப்ளஸ் டூ மார்க்குதான் காலத்துக்கும் நிக்கும்"னாங்க. எனக்கும் அது நாயமாத்தான் பட்டுச்சு. ஊருல போயி எங்கக்காகிட்டச் சொன்னேன், பக்கத்து ஊட்டுல சொன்னேன், பதினொன்னாவது மார்க்க யாரு பாக்கறான்னு. அவங்களும் ஆமாமான்னாங்க.

அப்பறம் ஒருநா வார்டன் போன் பண்ணி வரச் சொன்னாங்க. என்னமோ ஏதோன்னு ஓடியாந்தேன். பாத்தா, இவ ப்ளஸ் டூ புக்குக்குள்ள ப்ளஸ் ஒன் புக்க வெச்சுப் படிச்சுட்டு இருந்திருக்கா. ஸ்டடில ஒக்காந்து. அதனால வாரப் பரிட்சைல மார்க்கு கொறஞ்சு போச்சாம், மொத செக்சன்ல இருந்து ரெண்டாவது செக்சனுக்குத் தள்ளப் போறோம்னாங்க. எனக்கு உசுரே போயிருச்சு. "இனிமே பண்ண மாட்டா மேடம்"னு நானே வாக்குக் குடுத்துட்டு, அவ பெட்டியத் தொறந்து அந்தப் புக்கையெல்லாம் எடுத்துக் கட்டைப்பைல போட்டேன். அவ அழுவலீங்க. ஒண்ணு ரெண்டு எனக்குக் கெடைக்காதது அவளே எடுத்துக் குடுத்தா. கடைசில ஒரு புக்க மட்டும் கைல வெச்சுட்டு, "அம்மா, விலங்கியல் மட்டும் வெச்சுக்கறேன். இதுல கரப்பான் பூச்சி பாடம் இருக்குது. பாதி படிச்சுட்டேன்"னா. "டாக்டராகப் போற புள்ளைக்குக் கரப்பான் பூச்சி எதுக்குடி"ன்னு வாங்கிப் பைல வெச்சுட்டேன்.

நான் தப்பாப் பண்ணலீங்களே? நீங்களா இருந்தாலும் அதத்தான பண்ணிருப்பீங்க. ஸ்கூல்ல சொல்றாங்க, நாம என்ன கண்டோம்.

ப்ளஸ் ஒன் பரிட்சைக்கு முன்னால முக்கியமான கேள்வின்னு கொஞ்சம் குடுத்து மனப்பாடம் பண்ண வெச்சாங்க. முந்நூத்தி எம்பத்தொம்போது வாங்குனா. அறுநூத்துக்கு. அவங்கப்பா மூஞ்சி சுருங்கிப் போச்சு. நான்தான் தேத்துனேன், அத யாரு பாக்கப் போறா, உடுங்கன்னு. மிருதுளா மட்டும் ரொம்ப நேரம் அந்த மார்க்கையே பாத்துட்டு இருந்தா. "இது நானில்லைம்மா"ன்னா. எனக்கு அப்பச் சிரிப்புத்தான் வந்துச்சு.

அடுத்த வருசம் பொங்கல் லீவுல வந்தப்ப, இவளும் ரெஹானாவும் அவங்கப்பா போன வெச்சுட்டு என்னமோ எழுதிட்டே இருந்தாங்க. ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சேன். பெறகுதான் தெரியுது, பெங்களூர்ப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டிக்கு அப்ளிகேசன் போட்டிருக்குதுங்க ரெண்டும். அங்க சீட்டு கெடைக்கறது குதிரைக் கொம்பாம். நூறு பேரு போட்டா மூணு பேரு நாலு பேரத்தான் எடுப்பாங்களாம். எடுத்துட்டா படிப்பு, சாப்பாடு, தங்கறது எல்லாம் அவங்க செலவாம். உங்களுக்கு எதுல ஆர்வம்னு கட்டுரை எழுதச் சொல்லிருக்காங்க. இவ கொப்பரை வண்டப் பத்தி எழுதிருக்கா. வண்டப் பத்தி எழுதினா சீட்டு குடுப்பாங்களான்னு கேட்டேன்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தப்ப எங்கூடு எப்படி இருந்துச்சுங்கறீங்க. ஐநூத்தி எம்பத்தாறு. இங்கிருந்து தாளாளரே போன் பண்ணினாரு. எங்க ஓரகத்தி நேருல வந்து ஸ்வீட் பாக்ஸ் குடுத்துட்டுப் போனா. அந்த ஒரு வாரம் நான் மனுசியா இருந்தேன்.

அந்த யுனிவர்சிட்டில இருந்தும் இன்டர்வியூக்குக் கூப்புட்டாங்க. போன்லயேதான், மூஞ்சி தெரியற மாதிரி. இவ ரூமச் சாத்திட்டுப் பேசுனா. நான் சமையக்கட்டுல இருந்தேன். உள்ள சிரிப்புச் சத்தம் கேக்குதுங்க. என்ற புள்ள சிரிக்கறா. இங்கிலீசுல என்னென்னமோ சொல்றா, வண்டு கொப்பரைய எங்க இருந்து தொளைக்க ஆரம்பிக்கும், ஈரமிருந்தா எப்படி, காஞ்சா எப்படின்னு. அந்தப் பக்கமும் சிரிக்கறாங்க, கேள்வி மேல கேள்வி. எனக்கே ஆசையா இருந்துச்சு. தோசைக்கல்ல எறக்கி வெச்சுட்டுக் கதவோரமா நின்னுட்டேன்.

அப்பறம் பதினொன்னாவதுல மட்டும் ஏன் மார்க்கு கொறஞ்சுதுன்னு கேட்டாங்க. இவ மெதுவா, "எங்க ஸ்கூல்ல லெவன்த் பாடம் நடத்தல சார். நானாப் படிச்ச வரைக்கும் எழுதுனேன்"னா. தமிழ்லயா இங்கிலீசுலயான்னு எனக்கு ஞாபகமில்ல. ஆனா சொன்னது அதுதான்.

எனக்கு வந்த கோவம். வெளிய வந்ததும் புடிச்சுக்கிட்டேன். "படிக்க வெச்ச எடத்தப் போயிக் காட்டிக் குடுப்பாங்களாடி? ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான?" அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. அவ்வளவுதான்.

அதுக்கப்பறந்தாங்க்கா நீட் ரிசல்ட் வந்துச்சு. அதுல பாதிக் கேள்வி பதினொன்னாவதுல இருந்து வருமாம். எனக்கு அது அப்பத்தான் தெரியும். நீங்க தெரிஞ்சு வெச்சிருந்தீங்களா? பாருங்க, உங்களுக்கும் தெரியல. யாருமே சொல்லல. போன வருசம் கவர்மென்ட் காலேஜ்ல கடைசியா எடுத்த மார்க்குக்கும் இவ மார்க்குக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. இங்க போன் பண்ணினேன். "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, எங்ககிட்டயே ரிப்பீட்டர் பேட்ச் இருக்குது, இன்னொரு வருசம் உடுங்க"ன்னாங்க. மிருதுளாகிட்டச் சொன்னேன். அன்னைல இருந்து யாருகிட்டயும் பேச்சில்ல. சாப்புடச் சொன்னா சாப்புடுவா, குளிக்கச் சொன்னாக் குளிப்பா, போயிப் படுத்துக்குவா. அவங்கப்பா களத்துல இருந்து ஸ்க்ரூ டிரைவர் கொண்டாந்து அவ ரூம் தாழ்ப்பாளக் கழட்டிட்டாரு. கழட்டும்போது அவ கட்டல்ல ஒக்காந்து பாத்துட்டே இருந்தா. எதுக்குப்பான்னு ஒரு வார்த்த கேக்கல. அவரு கழட்டி முடிச்சுட்டு, அந்த ஆணிகளக் கைல வெச்சுட்டு அங்கயே தரைல ஒக்காந்துட்டாரு.

நான் என்னங்க்கா பண்ணட்டும்? சொல்லுங்க. பகல்ல அவ தூங்குனாக்கூட நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துட்டு வர்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த யுனிவர்சிட்டில இருந்து தகவல் வந்துச்சு. ரெஹானாவுக்குக் கெடச்சிருச்சுங்க. அவ பத்தாவதுலயும் இவளுக்குக் கீழ, ப்ளஸ் டூலயும் இவளுக்குக் கீழ. ஐநூத்தி அம்பத்தொண்ணு. அந்தக் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்ச புள்ள. அவளுக்குக் கெடைக்குது, இவளுக்கு இல்ல. இல்லைன்னும் சொல்லல, நிறுத்தி வெச்சிருக்காங்களாம். பதினொன்னாவதுல ஏன் இப்படி மார்க்கு எறங்குச்சுன்னு ஸ்கூல்ல இருந்து ஒரு வெளக்கம் எழுதி அனுப்போணுமாம். இந்த வெள்ளிக்கெழமைக்குள்ள.

என்ற ஊட்டுக்காரரு அங்க போன் போட்டுக் கேட்டாரு. ஒரு அம்மா நல்லாத் தமிழ்லயே பேசுனாங்க. "ஐயா, நாங்க ஒரு வருசத்து மார்க்க மட்டும் பாக்கறதில்லீங்க. ஒம்போதாவதுல இருந்து நாலு வருசமும் பாக்கறோம். அந்தப் பொண்ணு ரெஹானாவுக்கு வருசா வருசம் கொஞ்சங் கொஞ்சமா ஏறிட்டே போகுது. உங்க பொண்ணுக்கு ஒரு வருசம் அப்படியே உழுந்து, மறு வருசம் அப்படியே மேல போகுது. எது நெஜமான மார்க்குன்னு நாங்க எப்படி முடிவு பண்றது? பேசிப் பாத்ததுல எங்களுக்குப் புடிச்சிருக்குது. அதனாலதான் ஸ்கூலக் கேக்கறோம்"னாங்களாம்.

மேல போனதப் பாக்க வேண்டியதுதானுங்க? கீழ போனதையே நோண்டிட்டு இருந்தா எப்படி?

போன வாரம் மிருதுளாவக் கூட்டிட்டு இங்க வந்தேன். அவளே வர்றேன்னா. ரொம்ப நாளைக்கப்பறம் தலை சீவி, நல்ல சுடிதாராப் போட்டுட்டு வந்தா. தாளாளரு நல்லாத்தாங்க வரவேத்தாரு, டீ சொன்னாரு. விசயத்தக் கேட்டதும் சிரிச்சுட்டாரு. "ஏனுங்கம்மா, எங்க ஸ்கூல்ல பாடம் நடத்தலைன்னு நானே லெட்டர்பேடுல எழுதிக் கையெழுத்துப் போடோணுங்களா? அத எவனாவது மேல அனுப்பி வெச்சான்னா அப்பறம் இந்த ஸ்கூல் இருக்குங்களா?" அவரு சொல்றதும் நாயந்தான. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதப் பாத்து அவரு மனசு எறங்கிட்டாரு. "சரி, அழுவாதீங்க. புள்ளைக்கு அந்த வருசம் மஞ்சக்காமாலை, ரெண்டு மாசம் ஸ்கூலுக்கு வரல, அதான் மார்க்கு கொறஞ்சுதுன்னு எழுதித் தர்றேன்"னாரு.

எனக்குக் கும்புடத் தோணுச்சுங்க. அதுக்குள்ள இவ, "சார், எனக்கு மஞ்சக்காமாலை வரலையே"ங்கறா. அவரு, "பாப்பா, உனக்கு வர வேண்டாம், லெட்டருக்கு வந்தாப் போதும்"னாரு. நல்லாப் பேசுவாருங்க. நான்கூடச் சிரிச்சுட்டேன்.

அப்பறந்தான் கேட்டாரு, "உங்களுக்கு ரெண்டாவதும் பொண்ணுதான? இந்த வருசம் பத்தாவதில்ல?" பாருங்க, எவ்வளவு பெரிய மனுசன், ஞாபகம் வெச்சிருக்காரு. "எவ்வளவு மார்க்கு"ன்னாரு. நானூத்திப் பன்னெண்டுன்னேன். சொல்லவே கூச்சமா இருந்துச்சு. "பரவால்ல, கூட்டிட்டு வாங்க. அட்மிசனப் போட்டுட்டு லெட்டரையும் வாங்கிட்டுப் போங்க"ன்னுட்டாரு. நானூத்திப் பன்னெண்டுக்கெல்லாம் இங்க நிக்கவே உட மாட்டாங்க. எனக்காகத்தான் குடுக்கறாரு.

பஸ்ஸுல போகும்போது மிருதுளா பேசுனா. அத்தன நாளுக்கு அன்னைக்குத்தான் நெறையப் பேசுனா. "அம்மா, நான் இன்டர்வியூல நெசத்தச் சொல்லிட்டேன். இப்ப மஞ்சக்காமாலைன்னு லெட்டர் போனா, அவங்க ஸ்கூலத்தான் நம்புவாங்க. நான்தான் பொய் சொன்னதா ஆகும். சீட்டும் போயி, பொய்க்காரின்னும் பேரு வரும். எனக்கு அந்த லெட்டர் வேண்டாம்"னா. நான் சொன்னேன், "சொல்ல மறந்துட்டேன்னு சொல்லு. காச்சல் வேகத்துல ஞாபகமில்லைன்னு சொல்லு." அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. காங்கேயம் வர்ற வரைக்கும் திரும்பல.

சின்னப் புள்ளைங்க அவ. நெசம் பொய்யின்னு இப்பப் பாத்துட்டு இருந்தா சீட்டு கெடைக்குமா? கெடைச்சுட்டா அப்பறம் ஆரு வந்து கேக்கப் போறா?

அதான் இன்னைக்கு அவளுக்குச் சொல்லாம வந்துட்டேன். அறச்சலூர்ல சொந்தக்காரங்க ஊட்டுக்கு ஒறம்பரை போறோம்னு சொல்லிட்டு வர்ணிகாவக் கூட்டிட்டு பஸ் ஏறிட்டேன். இவளுக்குக் காங்கேயத்துலயே காமர்ஸ் குரூப் எடுத்துப் படிக்கோணுமாம். கணக்கெழுதப் புடிக்குமாம். பஸ்ஸுல ஏறுனதுல இருந்து ஒரு வார்த்த பேசல. பேசாட்டிப் போகுது. அக்காவுக்காக இதுகூடப் பண்ணக் கூடாதா?

கொஞ்சம் இருங்க்கா, போன் அடிக்குது. ஐயோ, மிருதுளாதான்.

அலோ. சொல்லு சாமி. இங்கதான், ஒறம்பரை ஊட்டுல. யாரு, அப்பா சொன்னாரா? சரி, இப்ப என்ன அதுக்கு. உனக்காகத்தான் கண்ணு. நீ ஒண்ணும் பேச வேண்டாம், அம்மா வாங்கிட்டு வந்தர்றேன், நீ அனுப்பு, அவ்வளவுதான். என்ன? என்ன பண்ணே? எப்ப? அவங்களுக்கா? என்னன்னு எழுதுனே? மறுக்கா சொல்லு. ஏ அம்மிணி, இரு, வெச்சராத. மிருதுளா.

வெச்சுட்டா.

இந்தத் தண்ணி பாட்டில் உங்களுதுங்களா, ஒரு வாய் குடிச்சுக்கறனுங்க.

அந்த யுனிவர்சிட்டிக்கு அவளே காலையில எழுதிட்டாளாம். "எங்க ஸ்கூல்ல இருந்து வெளக்கம் வராது. அப்படி ஏதாவது வந்தா அது உண்மையில்ல. என்ற மார்க்கு எப்படி இருக்குதோ அப்படியே பாத்து முடிவு பண்ணுங்க"ன்னு. அனுப்பிட்டாளாம். "நான் இப்ப நல்லாத்தான் இருக்கேம்மா. வர்ணியக் கூட்டிட்டு ஊட்டுக்கு வா"ங்கறா. நல்லாத்தான் இருக்காளாம். எல்லாத்தையும் கெடுத்துப் போட்டுட்டு நல்லாத்தான் இருக்காளாம்.

இனி அந்த லெட்டர வாங்கி நான் என்ன பண்றது? நாக்கு வழிக்கறதா? முந்நூத்தி எம்பத்தொம்போத அப்படியே பாத்தா எவன் சீட்டு குடுப்பான்? அங்க அந்தம்மா புடிச்சிருக்குன்னு சொன்னாங்களே, அது ஒண்ணுதான் இருக்குது. புடிச்சிருக்குன்னு சொல்றதெல்லாம் மார்க்காகுங்களா? டாக்டரும் போச்சு, இதும் போச்சு. ஐநூத்தி எம்பத்தாறு வாங்கி ஊருக்கே போர்டுல நிக்கறா. ஊட்டுல தாழ்ப்பாளில்லாத ரூமுல படுத்திருக்கா.

இல்லீங்க, நான் அழுவல. கண்ணு எரியுது.

ஊட்டுக்குப் போறதுங்களா? இப்பவேயா? அதெப்படீங்க்கா போறது. வந்தது வந்துட்டோம். நானூத்திப் பன்னெண்டு வாங்குன புள்ளைக்கு இந்த மாதிரி எடத்துல யாரு கூப்புட்டுக் குடுப்பாங்க? மூத்தவளுக்குத்தான் இப்படி ஆயிப் போச்சு. அந்த ரெஹானா பேச்சக் கேட்டா, பூச்சி கீச்சின்னு மனச அலைய உட்டா, புக்க ஒளிச்சு வெச்சுப் படிச்சா. இவ அப்படியில்ல. சொன்னதக் கேப்பா. இவளயாவது இங்க உட்டு ஒழுங்கா ஒரு வழி பண்ணிப் போட்டன்னா, நாளைக்கு எங்க மாமியாரு முன்னால நான் தலை நிமிந்து ஒக்காரலாம். நீங்களும் அதுக்குத்தான வந்திருக்கீங்க? என்னங்க்கா, உங்க பொண்ணுகிட்ட என்னமோ கேக்கறீங்க. உங்க புள்ள நல்லா வருங்க. நானூத்தி எழுவத்தொம்போது. அதுக்கென்ன.

காரு வந்துருச்சு. அவருதான்.

கலாமணின்னு கூப்புடறாங்க. இருக்கேனுங்க மேடம், இதா வந்துட்டேன்.

வர்ணி, எந்திரி. எந்திரி சாமி, கூப்புடறாங்க. பையெல்லாம் அம்மா எடுத்துக்கறேன். உள்ள நீ ஒண்ணும் பேச வேண்டாம், கேட்டா மட்டும் ஆமாங்க சார்னு சொல்லு. எந்திரி. இத்தன பேரு பாக்கறாங்க, மானத்த வாங்காத. சேர ஏன் அப்படிப் புடிச்சுட்டு இருக்கே, கைய உடு. வந்தர்றேனுங்க மேடம், ஒரே நிமிசம்.

அக்கா, நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறா. நீங்க கொஞ்சம் சொல்லுங்க. இவ்வளவு நேரம் பக்கத்துல ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான இருந்தீங்க. நல்ல ஸ்கூல்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க்கா அவகிட்ட.